‘ஓஃப்’ வந்து ஒட்டினால்

‘புற்’ என்றால் வை. ‘ஓஃப்’ என்றால் விலகி, அப்பால். இரண்டும் சேர்ந்து ‘புற் ஓஃப்’ ஆனால் ஒத்திவைப்பது என்ற கருத்து எங்கிருந்து வந்தது? சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளை தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டாள். நல்ல கேள்வி.

“கூட்டத்தைத் தள்ளிப்போட்டினம்” என்கிறோமே, பிள்ளை. தள்ளுவதிலும் போடுவதிலும் திகதி எங்கே இருக்கிறது? “சாப்பிட்டுப்போட்டு வாறன்” என்றால் சோற்றை எறிந்துவிட்டு வருவதாக யாரும் நினைப்பதில்லை. அந்தப் ‘போட்டு’, வேலை முடிந்ததை மட்டும் சொல்கிறது. ஆங்கிலத்தில் அதே வேலையை ‘அப்’ பல இடங்களில் செய்யும். ‘ஈற்’ என்றால் சாப்பிடு. ‘ஈற் அப்’ என்றால் மிச்சம் விடாமல் சாப்பிட்டு முடி.

இந்தச் சேர்க்கைகள்தான் பிறமொழியாரை மிகவும் வருத்துகின்றன என்று சாமுவேல் ஜோன்சன் 1755இல் தன் அகராதியின் முன்னுரையிலேயே எழுதிவிட்டார். எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் செமினரி தொடங்கிய காலம் முதல், யாழ்ப்பாணத்துக்கு ஆங்கிலம் பெரும்பாலும் புத்தகத்தாலும் வகுப்பறையாலும் வந்தது. அதனால் விண்ணப்பத்தில் எழுதும் ‘போஸ்ற்போன்’ எங்களுக்குப் பழக்கம். ரொறன்ரோவில் பிறந்த பேரப்பிள்ளை போனில் சொல்லும் ‘புற் ஓஃப்’ தடுக்கிவிடுகிறது. இரண்டும் ஒரே பொருள்தான். ஒன்று கடிதத்துக்கு, மற்றது வாய்ப்பேச்சுக்கு.

இனித்தான் கவனிக்க வேண்டிய இடம். தமிழில் துணைவினை தன் வினையை விட்டுத் தூரம் போகாது. ஆங்கிலத்தில் அந்தச் சின்னச் சொல் கழன்று நகரும். ‘புற் ஓஃப் த மீற்றிங்’ சரி. ‘புற் த மீற்றிங் ஓஃப்’ என்பதும் சரி. ஆனால் கூட்டத்தை ‘இற்’ என்று சுருக்கினால் அது நடுவில்தான் வரவேண்டும்: ‘புற் இற் ஓஃப்’. ‘புற் ஓஃப் இற்’ பிழை. நன்றாக எழுதுகிற பிள்ளைகளும் இதில் புள்ளி இழக்கிறார்கள்.

எல்லாச் சேர்க்கையும் இப்படிப் பிரியாது. அம்மாவைப் பராமரிப்பது ‘லுக் ஆஃப்டர்’. அங்கே ‘லுக் ஆஃப்டர் ஹேர்’ என்றுதான் வரும். ‘ஹேர்’ நடுவில் புகாது. வித்தியாசம் பிடிபடாவிட்டால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘புற் இற் ஓஃப்’ என்னும்போது அழுத்தம் ‘ஓஃப்’ மேல் விழும். ‘லுக் ஆஃப்டர் ஹேர்’ என்னும்போது ‘லுக்’ மேல் விழும். பட்டியலைப் பாடமாக்குவதைவிடக் காதைப் பழக்குவது எவ்வளவோ மேல். ஒவ்வொன்றையும் உங்கள் வீட்டில் நடக்கிற காரியத்தோடு ஒரு முழு வசனமாக எழுதுங்கள். தனிச் சொல்லாகக் கொப்பியில் நிரப்ப வேண்டாம்.

‘ரேக் ஓஃப்’ என்பதையே எடுங்கள். நல்லூர்க் கோயிலுக்குள் போகுமுன் ஆண்கள் சேட்டைக் கழற்றுவார்கள். சேட் என்ற செயப்படுபொருள் இருப்பதால் ‘ரேக் இற் ஓஃப்’ என்று நடுவில் வைக்கலாம். பலாலியில் விமானம் கிளம்புவதும் ‘ரேக் ஓஃப்’தான். உடம்பை விட்டுச் சேட் விலகுவதுபோல, நிலத்தை விட்டு விமானம் விலகுகிறது. ஆனால் அது எதையும் கழற்றவில்லை, தானே எழும்புகிறது. அதனால் அங்கே நடுவில் வைக்க ஒன்றுமில்லை: ‘த பிளேன் ரேக்ஸ் ஓஃப்’, அவ்வளவுதான்.