கிளப்புகள் மறைந்தன, கோச் மிஞ்சினார்

மும்பையின் சிறிய கிளப்பில் தொழில் கற்ற காலித் ஜமீல், இந்திய அணியின் பொறுப்புவரை வந்த கதை

சான்பாடாவில் ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் நெருல். அங்குள்ள டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில் 2017 அக்டோபரில், 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை அரையிறுதி நடந்தது. ஸ்பெயின் 3-1 என்று மாலியை வென்றது. அந்தப் போட்டியில் ஆடிய இந்தியச் சிறுவர் அணிக்குப் பயிற்சியாளர் ஒரு போர்த்துகீசியர். அதற்கு ஆறு மாதம் முன்புதான், மும்பை கால்பந்தில் ஊறிய ஒருவர், மிஸோரமின் சின்னஞ்சிறு கிளப்பை இந்திய சாம்பியனாக்கியிருந்தார். அவர் காலித் ஜமீல்.

1977இல் குவைத்தில் பிறந்த ஜமீல் நடுக்கள ஆட்டக்காரர். மஹிந்திரா, ஏர் இந்தியா அணிகளுக்கும் இந்தியாவுக்கும் ஆடினார். காயங்கள் அவரை விடவில்லை. கடைசியாகச் சேர்ந்த மும்பை எஃப்சியில், 2009இல் பயிற்சியாளரானார். அப்போது வயது 32.

அது பணக்கார கிளப் அல்ல. கூப்பரேஜ் மைதானம் சீரமைப்பில் இருந்தபோது, 'சொந்த ஊர்' ஆட்டங்களைக்கூட புனேயின் பாலேவாடியில் ஆட வேண்டியிருந்தது. பெரிய கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஜமீல் இருந்த ஏழு சீசன்களிலும் அணி ஐ-லீகிலிருந்து கீழே இறக்கப்படவில்லை. இருப்பதைக் கொண்டு முதலில் தோற்காமல் இருப்பது எப்படி என்பதுதான் அங்கே அவர் படித்த பாடம்.

2016இல் கிளப் அவரைக் கழற்றிவிட்டது. ஐஸால் எஃப்சி கூப்பிட்டது. அந்த அணியும் அதே ஆண்டு கீழே இறக்கப்பட்டு, கோவா கிளப்புகள் விலகியதால் மீண்டும் சேர்க்கப்பட்ட ஒன்றுதான். 2017 ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் 1-1 என்ற டிரா போதுமானதாயிற்று. ஐஸால் 37 புள்ளிகள், மோகன் பகான் 36. வடகிழக்கின் முதல் தேசிய சாம்பியன்! அதே சீசனில் கடைசி இடம் பிடித்துக் கீழே இறங்கிய அணி எது தெரியுமா? ஜமீலை அனுப்பிவிட்ட மும்பை எஃப்சி.

பிறகு அந்த கிளப்பே மூடப்பட்டது. மஹிந்திரா அணி 2010இலேயே கலைக்கப்பட்டிருந்தது. ஏர் இந்தியாவுக்கு 2013க்குப் பின் ஐ-லீகில் இடமில்லை. ஜமீல் ஆடிய எந்த கிளப்பும் இன்று இந்திய கால்பந்தின் மேல்தட்டில் இல்லை. ஆட்டத்தை விட்ட பிறகு அவர்கள் போய் நிற்க ஒரு வாசல் இல்லாத நிலை பல மும்பை ஆட்டக்காரர்களுக்கும் உண்டு.

ஆட்டக்காரர் பயிற்சியாளராவது நம் நாட்டில் புதிதல்ல. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய தமிழர் சைமன் சுந்தரராஜ்தான், 1973இல் கேரளம் முதன்முறையாக சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர். ஆனால் பணம் புரளும் ஐஎஸ்எல் வந்ததும் தலைமை நாற்காலி வெளிநாட்டவருக்கே என்றாகிவிட்டது. இந்தியருக்குக் கிடைத்தது 'தற்காலிகம்'. ஜமீலுக்கும் அப்படித்தான். 2021 ஜனவரியில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டைத் தற்காலிகமாக ஏற்று அரையிறுதிக்குக் கொண்டுபோன பிறகே, நிரந்தரப் பதவி தரப்பட்டது. ஐஎஸ்எல்லில் அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்.

2025 ஆகஸ்ட் 1 அன்று தேசிய அணி அவர் கைக்கு வந்தது. சாவியோ மெடீராவுக்குப் பிறகு, 13 ஆண்டுகள் கழித்து ஓர் இந்தியர்! வந்த நேரம்தான் சரியில்லை. ஐஎஸ்எல் எப்போது தொடங்கும் என்றே அப்போது தெரியவில்லை. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அணி ஏற்கெனவே தடுமாறியிருந்தது. மத்திய ஆசியப் போட்டியில் ஓமனை பெனால்டியில் வென்று மூன்றாமிடம் பிடித்தபோது நம்பிக்கை துளிர்த்தது. அக்டோபர் 14 அன்று மட்காவ்வில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்றதும் 2027 ஆசியக் கோப்பைக் கனவு கலைந்தது.

தோல்விக்கு அவருக்கும் பங்குண்டு. ஆனால் மும்பை எஃப்சியில் கிடைத்த ஏழு ஆண்டுகள் இல்லாமல் ஐஸால் இல்லை. வெளிநாட்டுப் பயிற்சியாளர் தோற்றால் அவர் மட்டும் போகிறார். இந்தியர் தோற்றால் அடுத்த இந்தியருக்கான கதவும் சேர்ந்து சாத்தப்படுகிறது. சான்பாடாவில் மாலையில் பந்து உதைக்கும் பையன்களில் ஒருவன் நாளை பயிற்சியாளராக நினைத்தால், அவனுக்குத் தேவை ஸ்டேடியம் மட்டுமல்ல. தோற்றுக் கற்க ஒரு கிளப்பும், கொஞ்சம் அவகாசமும்.