ஒற்றைப் பெட்டியின் நியாயம்

இசைத்தட்டிலோ குறுந்தட்டிலோ பதிவான இசை, ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் வலிமையைப் பெறுவதற்குள் இரண்டு வேறுபட்ட வேலைகள் நடந்தாக வேண்டும். வந்து சேரும் சமிக்ஞைகளில் எதைக் கேட்பது என்று தேர்ந்து, நலிந்திருப்பதைத் தேவையான அளவுக்கு உயர்த்தி, ஒலியளவைக் கட்டுப்படுத்துவது முதல் வேலை. இதைச் செய்யும் பகுதிக்குப் பிரீஆம்ப், அதாவது முன்பெருக்கி என்று பெயர். அவ்வாறு பக்குவப்பட்ட சமிக்ஞைக்கு ஸ்பீக்கரை இயக்கப் போதுமான வோல்ட்டையும் ஆம்பியரையும் தருவது இரண்டாவது வேலை; அது பவர் ஆம்ப் எனப்படும் திறன்பெருக்கியின் பொறுப்பு. இவ்விரண்டும் தனித்தனிப் பெட்டிகளில் அமைந்தால் செபரேட்ஸ் என்றும், ஒரே பெட்டிக்குள் அடங்கினால் இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர் என்றும் வழங்குகின்றன. உயர்தர ஒலிக்கருவி என்றாலே தனிப்பெட்டிகள்தாம், ஒற்றைப் பெட்டி என்பது சிக்கனத்துக்காகச் செய்துகொள்ளும் சமரசம் என்ற எண்ணம் ஒலி ஆர்வலர்களிடையே ஆழமாக வேரோடியிருக்கிறது. அந்த எண்ணம் பிறந்த காலத்தில் அதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை இன்று இல்லை.

முதற்காரணம், சமிக்ஞைகளின் அளவில் இருந்த மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் ஓடும் ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜ், நகரும் காந்த வகையைச் சேர்ந்ததாயின் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் தரும்; நகரும் சுருள் வகையைச் சேர்ந்ததாயின் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டைக்கூட எட்டாது. மறுமுனையில், 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 100 வாட் திறனை அளிக்க 28 வோல்ட் தேவைப்படுகிறது. முதல் வகைக் கார்ட்ரிட்ஜின் சமிக்ஞை இந்த நிலையை அடைய 5,600 மடங்கும், இரண்டாம் வகையின் சமிக்ஞை 50,000 மடங்குக்கு மேலும் பெருக்கப்பட வேண்டும். இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. தாழ்ந்த சுருதிகளை உள்ளபடியே வெட்டினால் வரிப்பள்ளத்தின் அலைவு பக்கத்துப் பள்ளத்தை முட்டிவிடும் என்பதால், இசைத்தட்டில் அவை குறுக்கப்பட்டும் உச்ச ஒலிகள் உயர்த்தப்பட்டும் பதிவாகின்றன. கேட்கும்போது பிரீஆம்ப் இதைத் தலைகீழாகத் திருப்பிச் சமன்செய்கிறது. ஆர்.ஐ.ஏ.ஏ. என்னும் அமெரிக்க ஒலிப்பதிவுத் துறைச் சங்கம் 1954 இல் வகுத்த சமன்செய்யும் வளைவின்படி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியோடு ஒப்பிட 50 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 17 டெசிபெல், அதாவது ஏழு மடங்கு கூடுதலாகப் பெருக்கப்படுகிறது. இந்தியாவிலும் பிரிட்டனிலும் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் அலைவெண்ணும் அதே 50 ஹெர்ட்ஸ்தான். பவர் ஆம்பின் பெரிய மின்மாற்றியிலிருந்து கசியும் காந்தப்புலத்தை, இத்தனை நுண்ணிய சமிக்ஞையைக் கையாளும் சுற்று துளியளவு பிடித்துக்கொண்டாலும் அது ஹம் என்னும் ஓயாத ரீங்காரமாகக் கேட்கும். ஆகவே இரண்டையும் விலக்கி வைப்பது அன்று தவிர்க்க முடியாததாக இருந்தது.

இரண்டாவது காரணம் வெப்பமும் இடமும். 1953 இல் பிரிட்டனில் பீட்டர் வாக்கரின் நிறுவனம் வெளியிட்ட குவாட் II பவர் ஆம்ப், கேடி66 வகை வால்வுகளை, அதாவது வெற்றிடக் குழாய்களைக் கொண்டு 15 வாட் தந்தது. கையைச் சுடும் வால்வுகளும் இரும்பு உள்ளகம் கொண்ட கனத்த மின்மாற்றிகளும் நிறைந்த அத்தகைய பெருக்கி, காற்றோட்டமுள்ள ஓரிடத்தில் கண்ணுக்கு மறைவாக இருப்பதே அன்றைய வழக்கம். கைக்கு எட்டும் இடத்தில் மரச்சட்டத்தில் பொருத்திக்கொள்ளும்படி, அதற்கு இணையான பிரீஆம்ப் சிறிய பலகைபோலச் செய்யப்பட்டது. ஆனால் அந்தப் பிரீஆம்புக்குச் சொந்த மின்வழங்கி கிடையாது. பவர் ஆம்பிலிருந்து வந்த கேபிளே அதற்கும் மின்சாரம் கொடுத்தது. தனிப்பெட்டி மரபின் முன்னோடிகளுள் ஒன்றாகப் போற்றப்படும் கருவியே மின்னியல் நோக்கில் ஒரே அமைப்பாகத்தான் இயங்கிற்று என்பதும், அங்கே பிரிக்கப்பட்டது இடம் மட்டுமே என்பதும், தனிப்பெட்டிகளின் தூய்மை பற்றிப் பேசுவோர் கவனிக்க வேண்டிய உண்மை.

டிரான்சிஸ்டர் வந்ததும் நிலைமை மாறியது. வால்வுக்கு வேண்டிய இழைச்சூடும் வெளியீட்டு மின்மாற்றியும் தேவையற்றுப்போக, முழுப் பெருக்கியும் ஒரு புத்தக அடுக்கில் வைக்கத்தக்க பெட்டிக்குள் அடங்கிற்று. 1963 இல் வெளிவந்த லீக் ஸ்டீரியோ 30 அதன் தொடக்கக் காலச் சான்று. 1978 இல் என்.ஏ.டி. நிறுவனத்துக்காக நார்வே நாட்டவரான பியோர்ன் எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்த 3020, சேனலுக்கு 20 வாட் என்ற அடக்கமான அளவீட்டோடு வந்து, கடினமான ஸ்பீக்கர்களையும் சமாளித்து, விலை குறைந்த ஒற்றைப் பெட்டியிலும் நல்ல இசை சாத்தியம் என்பதை உலகெங்கும் நிறுவியது. அதே பத்தாண்டில் அமெரிக்காவில் மார்க் லெவின்சன் நிறுவனம் எதிர்த்திசையில் சென்றது. அதன் எம்.எல்.-2 பவர் ஆம்ப் ஒரு சேனலுக்கு ஒரு பெட்டி என்ற கணக்கில் 25 வாட் மட்டுமே தந்தது. ஆனால் சமிக்ஞை இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் முழு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும் கிளாஸ் ஏ முறையில் இயங்கியதால் பெரும் வெப்பத்தை உமிழ்ந்தது. செலவைப் பொருட்படுத்தாமல் எல்லை வரை சென்று பார்க்கும் அந்த முயற்சி மதிப்புக்குரியது. ஆயினும் உயர்தரமும் தனிப்பெட்டியும் ஒன்றே என்ற சமன்பாடு உறுதிப்பட்டது இத்தகைய கருவிகளின் புகழால்தான்.

1982 இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு பிரீஆம்பின் அடிப்படைப் பணியையே மாற்றிவிட்டது. குறுந்தட்டுக் கருவியின் உச்ச வெளியீடு 2 வோல்ட். அதன்பின் வந்த டிஜிட்டல் கருவிகளும் பெரும்பாலும் இந்த அளவையே பின்பற்றுகின்றன. பவர் ஆம்ப்களில் பல ஒன்று முதல் இரண்டு வோல்ட் உள்ளீட்டிலேயே முழுத்திறனையும் எட்டிவிடும் என்பதால், பிரீஆம்ப் இங்கே பெருக்க வேண்டியது ஏதுமில்லை. அது பெரும்பாலான நேரம் சமிக்ஞையைக் குறைத்துக்கொண்டுதான் இருக்கிறது. 5,600 மடங்கு பெருக்கம் தேவைப்பட்ட இடத்தில் 14 மடங்கு போதும் என்றாகிவிட்ட பிறகு, நுண்ணிய சுற்றைப் பெரிய மின்மாற்றியிடமிருந்து காப்பாற்றத் தனிப்பெட்டி வேண்டும் என்ற வாதம் வலுவிழக்கிறது.

மாறாக, இரண்டாவது பெட்டி சில புதிய சுமைகளைக் கொண்டுவருகிறது. பிரீஆம்பிலிருந்து புறப்படும் சமிக்ஞை கேபிளைக் கடந்து செல்வதற்கென ஒரு வெளியீட்டுச் சுற்றும், மறுமுனையில் அதை ஏற்பதற்கென ஓர் உள்ளீட்டுச் சுற்றும் வேண்டும். ஒரே பெட்டிக்குள் சில சென்டிமீட்டர் தொலைவே கடக்க வேண்டியிருந்தால் இவற்றுள் ஒன்றையேனும் தவிர்த்துவிடலாம். எர்த் வளையம் என்பது இன்னொரு தொல்லை. இரு பெட்டிகளும் தத்தம் மின்கம்பி வழியாக எர்த் செய்யப்பட்டிருக்க, அவற்றை இணைக்கும் கேபிளின் கவசமும் எர்த்தோடு தொடர்பு கொண்டிருப்பதால், ஒரு மூடிய வளையம் உருவாகிறது. அதில் ஓடும் சிறு மின்னோட்டம் ஹம்மாக வெளிப்படுகிறது. சமநிலைக் கேபிள்கள் இதைப் பெருமளவு தடுக்கும் என்றாலும், ஒற்றைப் பெட்டியில் பிரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் இடையே அந்த வளையமே உருவாவதில்லை. மேலும், ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் விலையில் கணிசமான பங்கு அலுமினியப் பெட்டிக்கும் மின்மாற்றிக்கும் போகிறது. பெட்டி இரண்டானால் அந்தச் செலவும் இரட்டிக்கிறது, நல்ல இணைப்புக் கேபிளின் விலையும் கூடுகிறது. அதே தொகையை ஒரே பெட்டிக்குச் செலவிடும் வடிவமைப்பாளர், மிச்சப்பட்டதை இசை கடந்து செல்லும் பாகங்களில் போட முடியும்.

அப்படிப் போடத்தக்க பாகங்களுள் முதன்மையானது ஒலியளவுக் கட்டுப்பாடு. மலிவான கருவிகளில் இது கார்பன் பூச்சுள்ள ஒரு வளைதடத்தின் மீது உரசிச் செல்லும் உலோக நாக்கு. இடது, வலது சேனல்களுக்கெனத் தடங்கள் இரண்டும் ஒரே தண்டில் பிணைக்கப்பட்டிருக்கும். அத்தடங்களை முற்றிலும் ஒரே மாதிரி பூச இயலாததால், இரவில் மெல்லிய ஒலியில் கேட்கும்போது குமிழின் தொடக்கப் பகுதியில் ஒரு சேனல் மற்றதைவிடச் சற்று உரக்க ஒலித்து, நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரல் ஒருபக்கமாக ஒதுங்குகிறது. நாளடைவில் தூசு சேர்ந்து கரகரக்கவும் தொடங்குகிறது. உயர்தரக் கருவிகள் இதற்கு மாற்றாக ரிலேக்கள் என்னும் மின்விசைகளால் இணைக்கப்பட்டும் துண்டிக்கப்பட்டும் வரும் நிலையான மின்தடைகளைப் பயன்படுத்துகின்றன. எட்டு ரிலேக்கள் இருந்தால் 256 படிகள் கிடைக்கும், குமிழைத் திருகும்போது உள்ளிருந்து மெல்லிய டிக் டிக் ஓசையும் எழும். ஜப்பானின் அக்யுஃபேஸ் நிறுவனம் இன்னும் ஒருபடி மேலே சென்று, சமிக்ஞையை ஒன்றைவிட மற்றொன்று பாதியாகக் குறையும் 16 மின்னோட்டங்களாகப் பிரித்து, அவற்றுள் தேவையானவற்றை மட்டும் கூட்டி ஒலியளவை அமைக்கும் முறையைக் கையாள்கிறது. அதன் சேர்க்கைகள் 65,536. தன் விலையுயர்ந்த தனிப் பிரீஆம்ப்களில் பயன்படுத்தும் இம்முறையை அந்நிறுவனம் இன்டகிரேட்டட் கருவிகளுக்கும் அளித்திருப்பது, ஒற்றைப் பெட்டி இரண்டாந்தரம் அல்ல என்பதற்குத் தெளிவான அடையாளம்.

ஒற்றைப் பெட்டிக்கு எதிராக இன்றும் நிற்கும் உண்மையான ஆட்சேபம் மின்வழங்கி பற்றியது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தரும்போது ஓடும் மின்னோட்டம் 3.5 ஆம்பியர். ஸ்பீக்கரின் மின்மறிப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, சில அலைவெண்களில் 4 ஓமாக இறங்கினால், அதே 28 வோல்ட்டுக்கு 7 ஆம்பியர் தேவைப்படும். அலையின் உச்சியில் அது 10 ஆம்பியரைத் தொடும். தவிலில் விழும் ஓர் ஓங்கிய அடி இந்த மின்னோட்டத்தை நொடியின் சிறு பின்னத்தில் கேட்கும்போது, மின்தேக்கிகளின் சேமிப்பு வடிந்து உள் மின்னழுத்தம் தாழ்கிறது. பிரீஆம்பும் அதே மின்வழங்கியை நம்பியிருந்தால் அந்தத் தள்ளாட்டம் அதையும் தொற்றுகிறது. இதை உணர்ந்த வடிவமைப்பாளர்கள் பிரீஆம்புக்கென மின்மாற்றியில் தனிச் சுருளோ, தனியான சிறு மின்மாற்றியோ அமைத்து, மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் சுற்றுகளையும் சேர்க்கிறார்கள். வாங்குபவர் முகப்பின் பளபளப்புக்கு முன் விசாரிக்க வேண்டியது இதைத்தான். அதற்குத் துணையாக ஓர் எளிய அளவுகோலும் உண்டு: 8 ஓமில் உள்ள திறன் 4 ஓமில் இரட்டிக்கிறதா என்பது. அக்யுஃபேஸ் இ-800 கிளாஸ் ஏ முறையில் இயங்கி 8 ஓமில் 50 வாட்டும் 4 ஓமில் 100 வாட்டும் தருவதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது; முன்னதில் 100 வாட் காட்டிப் பின்னதில் 130 வாட்டோடு நின்றுவிடும் பெருக்கியைவிட இத்தகையதன் மின்வழங்கி திடமானது எனலாம்.

எவ்வளவு திறன் வேண்டும் என்பதையும் கணக்கிட்டே முடிவுசெய்யலாம். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 87 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கர் இணையை 3 மீட்டர் தள்ளி அமர்ந்து கேட்பவருக்கு, தொலைவால் ஒன்பதரை டெசிபெல் குறைந்து, இரண்டு ஸ்பீக்கர்கள் என்பதால் மூன்று டெசிபெல் கூடி, ஒரு வாட்டுக்கு 80 டெசிபெல்லுக்குச் சற்று மேல் வந்துசேரும். அறைச் சுவர்களின் எதிரொலி இன்னும் சிறிது கூட்டும். 75 டெசிபெல் என்ற நிறைவான சராசரிக்குச் சேனலுக்கு அரை வாட்டுகூடத் தேவையில்லை. அதற்கு மேல் 20 டெசிபெல் எழும் உச்சங்களுக்கு முப்பது வாட் அளவு போதும். திறனை இரட்டித்தாலும் கிடைப்பது மூன்று டெசிபெல்தான் என்பதால், 100 வாட் இன்டகிரேட்டட் ஒன்றை விட்டு 200 வாட் தனிப்பெட்டிகளுக்குத் தாவுவோர் பெறும் கூடுதல் ஒலியளவு சொற்பமே.

தனிப்பெட்டிகளே வேண்டிய இடங்களும் உண்டு. 1980-களில் அமெரிக்காவின் அப்போஜி நிறுவனம் செய்த சின்டில்லா போன்று மின்மறிப்பு ஒரு ஓம் வரை இறங்கும் ரிப்பன் ஸ்பீக்கர்களுக்கு, மின்னோட்டத்தை அள்ளித்தரும் பிரம்மாண்டமான பவர் ஆம்ப்தான் ஈடுகொடுக்கும். பெரிய கூடத்தில், கருவிகளுக்கும் ஸ்பீக்கர்களுக்கும் இடையே நீண்ட தொலைவு இருக்குமானால், ஸ்பீக்கரின் அருகிலேயே ஒற்றைச் சேனல் பவர் ஆம்ப்களை வைத்துத் தடித்த கேபிளின் நீளத்தைக் குறைப்பது அறிவுடைமை. இசைத்தட்டையே உயிராகக் கொண்டு நகரும் சுருள் கார்ட்ரிட்ஜைப் பயன்படுத்துவோர், அந்த நுண்ணிய சமிக்ஞைக்குரிய ஃபோனோ பகுதியை மட்டும் தனிப்பெட்டியில் தள்ளி வைப்பது இன்றும் பொருத்தமானதே. முன்னர் கண்ட ஹம் தொல்லை அங்கே சிறிதும் மாறாமல் இருக்கிறது.

அண்மைக்கால இன்டகிரேட்டட் கருவிகள் பலவற்றில் டிஜிட்டல் சமிக்ஞையை இசையலையாக மாற்றும் டாக் பகுதியும், இணையவழி இசை கேட்கும் வசதியும் சேர்ந்தே வருகின்றன. பெருக்கும் சுற்று முறையாகப் பராமரிக்கப்பட்டு, உலரும் மின்தேக்கிகள் காலத்தே மாற்றப்பட்டால் முப்பது ஆண்டுகளும் உழைக்கும்; டிஜிட்டல் இணைப்பு முறைகளும் மென்பொருளும் அதற்குள் பலமுறை மாறிவிடும். ஆகவே இவ்வசதிகள் நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டிருப்பதைவிட, கழற்றி மாட்டத்தக்க அட்டைகளாக இருப்பது நல்லது. ஜப்பானிலிருந்து நேரடியாகத் தருவிக்கப்படும் பழைய கருவிகள் 100 வோல்ட்டுக்கு அமைந்தவையாக இருக்கும் என்பதால், 230 வோல்ட் இணைப்பில் செருகுவதற்கு முன் பின்புறத் தகட்டைப் படிப்பது கட்டாயம்.

அதே பின்புறத்தில் பிரீ அவுட், மெயின் இன் என்ற இரு இணைப்புகள் உள்ளனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். என்.ஏ.டி. 3020 இல் இவ்விரண்டையும் இணைத்தது வளைந்த ஓர் உலோகத் துண்டு மட்டுமே. அதைக் கழற்றினால் உள்ளிருக்கும் பிரீஆம்பும் பவர் ஆம்பும் பிரிந்து, பின்னாளில் கடினமான ஸ்பீக்கர் வாங்க நேர்ந்தால் வலிமையான பவர் ஆம்ப் ஒன்றை வெளியே சேர்த்துக்கொள்ள முடிந்தது. இன்றைய உயர்தரக் கருவிகளில் அந்தப் பிரிப்பை ஒரு பொத்தானே செய்துவிடுகிறது.