ஊசி போட்டால் காய்ச்சல் வருவது ஏன்?

துவாக்குடியானாலும் சரி, ஸ்ரீரங்கமானாலும் சரி, கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்தப் பேச்சு எழும். “காலையில் ஊசி போட்டோம். சாயங்காலம் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. அடுத்த ஊசியே வேண்டாம்!”

தாய்மார்களே, அவசரப்படாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள்.

5 நோய்க்கு ஒரே ஊசி

ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் போடுவது 5 நோய்களைத் தடுக்கும் ஊசி. அரசாங்கம் இதை 2011-ல் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது.

அந்த 5 நோய்களில் ஒன்று கக்குவான் இருமல். அதைத் தடுக்க, கொல்லப்பட்ட கக்குவான் கிருமியை முழுசாகவே மருந்தில் சேர்க்கிறார்கள். செத்த கிருமி நோய் தராது. ஆனால் அதன் மேலுறை அப்படியே இருக்கிறது. அதைக் கண்டதும், திருடனைக் கண்ட காவல்காரன் போல உடம்பு விழித்துக்கொள்கிறது. காய்ச்சல் அந்த விழிப்பின் அடையாளம்!

இன்னொரு நன்மையும் உண்டு. உடம்பு விழித்திருப்பதால், அதே ஊசியில் உள்ள தொண்டை அடைப்பான், ரண ஜன்னி மருந்துகளும் நன்றாக வேலை செய்கின்றன.

மரவள்ளி மாவு!

மருந்துக்குத் துணை சேர்ப்பது பழைய யோசனை. 1925-ல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் ரமோன், குதிரைகளுக்குப் போடும் தொண்டை அடைப்பான் மருந்தில் மரவள்ளி மாவைக் கலந்து பார்த்தார். குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பெருகியது!

விஷம் நீங்கிய மேலுறை

காய்ச்சலைக் குறைத்து, விழிப்பை மட்டும் உண்டாக்க முடியாதா? முடியும் என்று காட்டினார் அமெரிக்க விஞ்ஞானி எட்கர் ரிபி. டைபாய்டு கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமியின் மேலுறையில் ஒரு பொருளைப் பிரித்து, அதன் விஷத்தைப் பெரும்பாலும் நீக்கினார்கள்.

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஒரு மருந்தில் அது சேர்ந்தது. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சிபாரிசு செய்த மலேரியாத் தடுப்பு மருந்திலும் அது இருக்கிறது. அந்த மருந்தைத் தயாரிக்கும் முறையைப் பெற, அதே ஆண்டில் ஐதராபாத்தின் பாரத் பயோடெக் ஒப்பந்தம் செய்தது.

என்ன செய்யலாம்?

ஊசிக் காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். நர்ஸ் சொன்ன அளவில் மட்டும் காய்ச்சல் மருந்து கொடுங்கள். காய்ச்சல் நீடித்தாலோ, வலிப்பு வந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்த ஊசியைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கக்குவான் இருமல் கைக்குழந்தையின் உயிரையே பறிக்கக் கூடியது.