வாழைக்கு இட்ட நஞ்சு எங்கே செல்கிறது?

பீடைநாசினியை வாங்கச் செல்லும் கமக்காரர் இரண்டு கேள்விகளைக் கேட்பது வழக்கம். ஒன்று, அது பூச்சியைக் கொல்லுமா என்பது. மற்றையது, அதன் விலை என்ன என்பது. கேட்கவேண்டிய மூன்றாவது கேள்வியொன்றும் உண்டு. பூச்சி இறந்த பின்னர் அந்நஞ்சு எங்கே செல்லும்?

இதற்கான விடை அந்தந்த இரசாயனத்தின் இயல்பிலேயே அடங்கியுள்ளது. அது நீரிற் கரையுமா, மண்ணைப் பற்றிக்கொள்ளுமா, ஆவியாகுமா, காலப்போக்கில் சிதைவடையுமா என்னும் நான்கையும் அறிந்தால் நஞ்சு செல்லும் வழியை முன்னரே கணிக்கலாம். ஏற்றுமதிக்காக வாழை பயிரிட்ட பிறநாடுகளின் அனுபவங்கள் மூன்றை இங்கு தருகின்றோம். வாழை வைக்காத கமக்காரரும் இவற்றை அறிதல் நன்று. ஏனெனில், இம்மூன்றிலும் தீங்குற்றவை வாழைமரங்கள் அல்ல. நெல்லும், கிழங்கும், நீரும், மனிதருமே.

சிதையாத செம்பு

மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்தாரிக்காவில், வாழையின் சிகற்றோக்கா இலைப்புள்ளி நோய்க்கு எதிராக 1930ஆம் ஆண்டுகளிலிருந்து 1950ஆம் ஆண்டுகள் வரை போடோக் கலவை ஓயாது தெளிக்கப்பட்டது. செப்புச் சல்பேற்றையும் சுண்ணாம்பையும் நீரிற் சேர்த்து ஆக்கப்படும் இக்கலவை பங்கசு நோயைத் தடுத்தது. ஆயின், செம்பு ஒரு மூலகம். நுண்ணுயிரோ வெயிலோ அதனைச் சிதைக்க மாட்டா. இலையிலிருந்து மழையாற் கழுவப்பட்ட செம்பு மேல்மண்ணிலேயே தங்கிற்று. வாழைத்தோட்டங்கள் கைவிடப்பட்ட பின்னர் தென்பகுதியிலுள்ள அந்நிலங்களில் நெல் விதைத்தவர்கள், செம்பு மிகுதியாற் பயிர் குன்றக் கண்டனர்.

மண்ணைப் பற்றும் குளோடெக்கோன்

கரிபியன் கடலிலுள்ள மாட்டினிக், குவாடலூப் என்னும் பிரெஞ்சுத் தீவுகளில், வாழைக்கிழங்கைத் துளைக்கும் வண்டை ஒழிப்பதற்காக 1972 முதல் 1993 வரை குளோடெக்கோன் என்னும் நஞ்சு மரத்தின் அடியில் இடப்பட்டது. பத்துக் காபன் அணுக்கள் கூடுபோல் அமைய, அவற்றோடு பத்துக் குளோரீன் அணுக்கள் இணைந்த பொருள் இது. இக்கட்டமைப்பு எளிதிற் குலையாது. நுண்ணுயிர்கள் அதனை உண்டு அழிப்பது மிக அரிது. ஒரு லீற்றர் நீரில் ஒருசில மில்லிகிராம் மாத்திரமே கரையும். ஆதலின் மழை அதனை விரைவிற் கழுவிச் செல்வதில்லை. மண்ணிலுள்ள சேதனப் பொருளை அது இறுகப் பற்றிக்கொள்கிறது. மண்ணின் வகைக்கேற்பப் பல பத்தாண்டுகள் முதல் பல நூற்றாண்டுகள் வரை அது அங்கு நிலைக்குமென ஆய்வாளர் கணித்துள்ளனர்.

மண்ணோடு ஒட்டி வளரும் சேம்பு, வற்றாளை போன்ற கிழங்குகள் இந்நஞ்சை ஏற்கின்றன. உயரத்தில் தொங்கும் வாழைக்குலையை அது பெரிதும் அடைவதில்லை. அரிக்கப்பட்ட மண்ணோடு ஆற்றையும் கடலையும் சேர்ந்தமையால் சில கரையோரங்களில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. 2013, 2014ஆம் ஆண்டுகளில் நடத்திய பரிசோதனையில், அத்தீவுகளின் வளர்ந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில் அது காணப்பட்டது. இதனை ஆக்கிய ஐக்கிய அமெரிக்கத் தொழிற்சாலை, தொழிலாளர் நோயுற்றமையால் 1975இலேயே மூடப்பட்டது என்பதும் கருதத்தக்கது.

நீரோடு செல்லும் டீ.பீ.சீ.பீ.

வேரைத் தாக்கும் வட்டப்புழுக்களைக் கொல்ல மண்ணினுட் செலுத்தப்பட்ட திரவம் இது. மண்ணின் நுண்டுளைகளில் ஆவியாகப் பரவுதலே இதன் சிறப்பாகக் கருதப்பட்டது. அவ்வாவியே அதனைக் கையாண்டவரின் மூச்சிலும் சேர்ந்தது. ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 1 கிராம் கரைவதால் நிலக்கீழ் நீரையும் அடைந்தது. கலிபோர்னியாவில் இதை ஆக்கிய ஆண் தொழிலாளர் பலர் மலடாயினர் என்பது 1977இல் வெளிப்பட்டது. கொஸ்தாரிக்காவின் வாழைத்தோட்டத் தொழிலாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கும் அதே கதி நேர்ந்தது. அமெரிக்காவில் 1979இல் இதன் பெரும்பாலான பயன்பாடுகள் நிறுத்தப்பட்ட பின்னரும், கலிபோர்னியாவின் கிணறுகளில் அது பல்லாண்டுகள் காணப்பட்டது.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

மருந்துகள் மாறலாம், இயல்புகள் தரும் பலன் மாறுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மண்ணுக்குக் கீழே வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல் உள்ளது. மேலே விட்ட நீர் கிணற்றை விரைந்து சேரும். அங்கு நீரிற் கரையும் நஞ்சைக் கிணற்றருகே இடுதல் ஆகாது. கிழங்குப் பயிர் வைக்கவுள்ள நிலத்தில் நெடுங்காலம் நிலைக்கும் நஞ்சு ஆகாது. செப்பு மருந்தைத் தக்காளிக்கோ வேறு பயிருக்கோ தெளிப்பவர்கள், நோய் உண்டென உறுதிசெய்த பின்னரே, குறித்த அளவில் தெளித்தல் வேண்டும்.

வாழைக்கிழங்கு வண்டைப் பொறுத்தவரை, நஞ்சின்றியே பெருமளவு கட்டுப்படுத்தலாம். இவ்வண்டு அரிதாகவே பறக்கும். பெரும்பாலும் நடவு செய்யும் குட்டியோடுதான் புதிய தோட்டத்துக்கு வருகிறது. ஆதலின்:

1. நோயற்ற தோட்டத்திலிருந்தே வாழைக்குட்டிகளைப் பெறுக. கிழங்கின் புறத்தோலைச் சீவி, துளையுள்ளவற்றை விலக்குக.

2. குலை வெட்டியபின் வாழைக்குற்றியையும் கிழங்கையும் சிறு துண்டுகளாக்கி உலரவிடுக. முழுதாகக் கிடப்பவை வண்டு பெருகும் இடமாகும்.

3. வாழைக்குற்றியை ஒரு முழத் துண்டுகளாக வெட்டி, நீளவாக்கிற் பிளந்து, வெட்டுமுகம் நிலத்திற் படும்படி மரத்தடியில் வைக்குக. சில நாட்களுக்கு ஒருமுறை புரட்டி, அடியில் ஒளிந்துள்ள வண்டுகளைப் பொறுக்கி அழிக்குக.

இவற்றின் பின்னரும் மருந்து தேவைப்படின், வாழைக்கெனப் பதிவுசெய்யப்பட்டதையே, சுட்டியை முழுதும் வாசித்த பின்னர் பயன்படுத்துக. அது எத்தனை நாள் மண்ணில் நிற்கும், நீரோடு செல்லுமா என்பவற்றை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து கொள்ளலாம். வாங்கிய பின்னர் அன்று, வாங்குமுன் கேளுங்கள்.