ஹாட்டி மெக்டானியல்

ஹாட்டி மெக்டானியல் (சூன் 10, 1893 – அக்டோபர் 26, 1952) ஓர் அமெரிக்கத் திரைப்பட நடிகை, பாடகி, வானொலிக் கலைஞர் ஆவார். கான் வித் த விண்ட் (1939) திரைப்படத்தில் மேமி என்னும் பணிப்பெண்ணாக நடித்ததற்காகச் சிறந்த துணை நடிகைக்கான அகாதமி விருதைப் பெற்றார். இவ்விருதை வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் இவரே. திரையில் பெரும்பாலும் பணிப்பெண் வேடங்களே இவருக்கு வழங்கப்பட்டன.

இளமைக் காலம்

கேன்சசு மாநிலத்தின் விச்சிட்டா நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தந்தை என்றி மெக்டானியல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் படையில் போரிட்டவர். 13 பிள்ளைகளில் ஹாட்டி கடைசி. கொலராடோவின் டென்வர் நகரில் வளர்ந்த இவர், உடன்பிறந்தோருடன் மேடைகளில் பாடி நடித்தார். 1920களில் வானொலியில் பாடினார். தாமே எழுதிய பாடல்களை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார்.

1929 பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பின் மேடை வாய்ப்புகள் குறைந்தன. மில்வாக்கி நகருக்கு அருகிலிருந்த கேளிக்கை விடுதி ஒன்றில் கழிப்பறைப் பணியாளராக வேலை செய்தார். பின்னர் அங்கேயே பாடகியானார்.

திரைப்பட வாழ்க்கை

1931 இல் லாஸ் ஏஞ்சலசுக்குக் குடிபெயர்ந்தார். அண்ணன் சாம், அக்காள் எட்டா ஆகியோரும் திரைப்படங்களில் நடித்தவர்களே. தொடக்கத்தில் ஹாட்டியின் பெயர் பல படங்களில் திரையில் காட்டப்படவில்லை. அவ்வருமானம் போதாமல் வீட்டுவேலையும் செய்தார். ஜட்ச் பிரீசுட்டு (1934), ஆலிசு ஆடம்சு (1935), சோ போட் (1936) ஆகிய படங்கள் இவரைப் பலரும் அறியச் செய்தன. ஏளனப் பார்வையாலும் முணுமுணுப்பாலும் முதலாளியின் போலித்தனத்தை உணர்த்திவிடுவது இவரது நடிப்பின் தனித்தன்மை.

அகாதமி விருது

கான் வித் த விண்ட் படத்தின் முதல் காட்சி 1939 திசம்பரில் அட்லாண்டாவில் நடைபெற்றது. அங்கு நிலவிய இனப்பாகுபாட்டால் படத்தின் கறுப்பின நடிகர்கள் அதில் பங்கேற்க முடியவில்லை.

பெப்ரவரி 29, 1940 அன்று லாஸ் ஏஞ்சலசு அம்பாசடர் விடுதியில் விருது விழா நடந்தது. கறுப்பினத்தவரை அனுமதிக்காத அவ்விடுதிக்குள் மெக்டானியல் நுழைவதற்குத் தயாரிப்பாளர் டேவிட் செல்சினிக்கு சிறப்பு அனுமதி கேட்க வேண்டியிருந்தது. மற்ற நடிகர்களுடன் அன்றி, சுவரோரத்தில் போடப்பட்ட தனி மேசையில் அமர்ந்திருந்தார். நடிப்புக்காக அகாதமி விருது பெற்ற அடுத்த கறுப்பினப் பெண் ஊப்பி கோல்டுபர்க்கு. அவர் விருது பெற்றது 1991 இல்.

விமர்சனங்கள்

விருதுக்குப் பிறகும் வேடங்கள் மாறவில்லை. கறுப்பினத்தவரை விசுவாசமிக்க வேலைக்காரர்களாக மட்டும் காட்டும் படங்களைக் குடியுரிமை இயக்கத் தலைவர் வால்ட்டர் ஒயிட் கண்டித்தார். அத்தகைய வேடங்களை ஏற்ற மெக்டானியலும் விமர்சனத்துக்கு உள்ளானார். வீடுகளில் வேலைக்காரியாக உழைப்பதைவிட வேலைக்காரியாக நடித்துப் பன்மடங்கு ஊதியம் பெறுவது மேல் என்பதே அவரது நிலைப்பாடு. இவ்விவாதம் இன்றும் தொடர்கிறது.

1947 இல் பியூலா வானொலி நாடகத்தின் முதன்மை வேடத்தை ஏற்றார். முன்பு அக்கறுப்பினப் பெண் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் ஒரு வெள்ளை ஆண்.

வீட்டு வழக்கு

லாஸ் ஏஞ்சலசின் சுகர் ஹில் பகுதியில் மெக்டானியல் வீடு வாங்கியிருந்தார். அங்குள்ள வீடுகளைக் கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்ற பழைய ஒப்பந்தத்தைக் காட்டி, வெள்ளையர் சிலர் அவரையும் மற்ற கறுப்பினக் குடும்பங்களையும் வெளியேற்ற வழக்குத் தொடுத்தனர். அக்குடும்பங்களைத் திரட்டி வழக்கை எதிர்கொண்டவர்களில் மெக்டானியல் முன்னணியில் இருந்தார். அமெரிக்க அரசியலமைப்பின் 14 ஆவது திருத்தத்தைச் சுட்டி, 1945 இல் நீதிபதி அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948 இல் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது.

மறைவும் நினைவும்

மார்பகப் புற்றுநோயால் 1952 இல் காலமானார். ஹாலிவுட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட விரும்பினார். வெள்ளையருக்கு மட்டுமே இடமளித்த அக்கல்லறை மறுத்துவிட்டது. ரோசுடேல் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். 1999 இல் ஹாலிவுட் கல்லறையில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. 2006 இல் அமெரிக்க அஞ்சல்துறை இவரது உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

அக்காலத்தில் துணை நடிகர்களுக்குச் சிலைக்குப் பதிலாகப் பட்டயமே வழங்கப்பட்டது. தமது பட்டயத்தை ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு மெக்டானியல் உயில் எழுதிவைத்தார். அது பின்னர் காணாமல் போயிற்று. அதற்கு மாற்றாக வேறொரு பட்டயத்தை அகாதமி 2023 இல் அப்பல்கலைக்கழகத்திடம் வழங்கியது.