ரேக்ளா வண்டியின் விசைக் கணக்கு

கொங்கு நாட்டில் 200 மீட்டர், 300 மீட்டர் என்னும் தூரங்களுக்கு நொடிக்கணக்கில் நேரம் குறித்து நடத்தப்படும் ரேக்ளா என்னும் மாட்டுவண்டிப் பந்தயம், 1687இல் நியூட்டன் வெளியிட்ட இரண்டாம் இயக்க விதியைக் கணக்கிட்டுப் பார்க்க ஏற்ற களமாகும். பொருளின் நிறையை, அதாவது கிலோகிராமில் அளக்கப்படும் அதன் பருப்பொருள் அளவை, முடுக்கத்தால், அதாவது ஒவ்வொரு நொடியும் கூடும் வேகத்தால் பெருக்கினால், அதன்மீது செயல்படும் நிகர விசை நியூட்டன் அலகில் கிடைக்கும் என்பது அவ்விதி.

காங்கேயம் காளைகள் இரண்டும் 850 கிலோகிராம், வண்டியும் சாரதியும் 150 கிலோகிராம் எனவும், புறப்பட்ட 4 நொடிகளில் வேகம் நொடிக்கு 12 மீட்டரை எட்டுவதாகவும் கொண்டால், முடுக்கம் 3. எனவே மொத்த நிறையாகிய 1000 கிலோகிராமுக்குத் தேவையான நிகர விசை 3000 நியூட்டன். இவ்விசையைத் தருவது காளைகளின் தசை மட்டுமன்று. குளம்புகள் பின்னோக்கித் தள்ள, தரை முன்னோக்கித் தரும் எதிர்விசையே அவற்றை நகர்த்துகிறது. ஆகவே குளம்பு வழுக்கும் மண்ணில் எவ்வளவு வலிய காளையும் தன் வலிமை முழுவதையும் வேகமாக்க இயலாது.

நுகத்தடியின் வழியே வண்டிக்கும் சாரதிக்கும் சென்று சேர வேண்டிய விசையோ, உராய்வை நீக்கிப் பார்த்தால், 150ஐ 3ஆல் பெருக்கக் கிடைக்கும் 450 நியூட்டன் மட்டுமே. ஏறத்தாழ 46 கிலோகிராம் மூட்டையைத் தூக்கிப் பிடிப்பதற்கு ஒப்பானது இது. ரேக்ளா வண்டியை இலகுவாகச் செய்வதில் காட்டப்படும் அக்கறை நியாயமானதே எனினும், வண்டியில் 20 கிலோகிராமைக் குறைத்தாலும், அதே 3000 நியூட்டனில் முடுக்கம் 3இலிருந்து 3.06 ஆகத்தான் உயரும்; காளைகள் முதன்மையாகச் சுமப்பது தம் உடலையே.

வேகம் நிலைபெற்றபின் முடுக்கம் சுழியாவதால் நிகர விசையும் சுழியாகிறது. அப்போதும் காளைகள் உழைக்கின்றன. அவ்வுழைப்பு உராய்வையும் காற்றின் தடையையும் ஈடுசெய்வதோடு முடிந்துவிடுகிறது. எல்லைக்கோட்டைக் கடந்து 6 நொடிகளில் சீராக நிற்க வேண்டுமெனில், முடுக்கம் எதிர்த்திசையில் 2 ஆகி, 2000 நியூட்டன் விசை பின்னோக்கிச் செயல்பட வேண்டும்; அதற்குள் வண்டி மேலும் 36 மீட்டர் ஓடிவிடும் என்பதால், அவ்வளவு தூரத்திற்காவது ஆளில்லாத வெளி தேவைப்படும்.