புற்றுநோய் மருந்துச் சோதனையின் கட்டங்கள்

ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும் பலன் காட்டிய ஒரு புற்றுநோய் மருந்து, மனிதர்களிடம் படிப்படியாகச் சோதிக்கப்பட்ட பின்னரே பொதுப் பயன்பாட்டுக்கு வருகிறது. இப்படிகள் கட்டங்கள் எனப்படும். ஒவ்வொரு கட்டமும் ஒரு தனிக் கேள்விக்கு விடை தேடுகிறது. ஒரு கட்டத்தின் நல்ல முடிவு அடுத்த கட்டத்துக்கு வழிவிடுமே தவிர, அடுத்த கேள்விக்கும் விடையாகிவிடாது. இமாட்டினிப் என்ற மருந்தின் வரலாற்றைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம்.

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில், 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி இணைவதால் இயல்பற்ற ஒரு புரதம் உண்டாகி, வெள்ளணுக்களை ஓயாமல் பெருகச் செய்கிறது. அப்புரதத்தைத் தடுக்கும் மருந்தே இமாட்டினிப்.

முதல் கட்டம்: எந்த அளவு பாதுகாப்பானது?

பிற மருந்துகளின் முதல் கட்டத்தில் பெரும்பாலும் உடல்நலமுள்ளோர் பங்கேற்பர். புற்றுநோய் மருந்துகள் பல நலமான செல்களையும் தாக்கக்கூடியவை என்பதால், வழக்கமான சிகிச்சை பலனளிக்காத நோயாளிகளே பொதுவாகப் பங்கேற்கின்றனர். குறைந்த அளவில் தொடங்கி, பக்கவிளைவுகளைக் கவனித்தபடி அளவு உயர்த்தப்படும்.

இமாட்டினிப்பின் முதல் கட்டம் 1998 ஜூனில் அமெரிக்காவில் தொடங்கியது. 83 பேருக்கு நாளொன்றுக்கு 25 மி.கி. முதல் 1000 மி.கி. வரை கொடுக்கப்பட்டது. 300 மி.கி. அல்லது அதற்கு மேல் பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது.

இரண்டாம் கட்டம்: நோய் குறைகிறதா?

இக்கட்டத்தில் ஒரே வகை நோயுள்ள கூடுதலான பேருக்கு, தேர்ந்தெடுத்த அளவில் மருந்து கொடுக்கப்படும். இமாட்டினிப் 400 மி.கி. அளவில் 532 பேருக்குக் கொடுக்கப்பட்டது. நோய் உறுதிசெய்யப்பட்ட 454 பேரில் 60 விழுக்காட்டினருக்கு, எலும்பு மச்சையில் பிறழ்ந்த குரோமோசோம் உள்ள செல்கள் பெருமளவு குறைந்தன. இத்தகைய முடிவுகளின் அடிப்படையில் 2001 மே மாதத்தில் அமெரிக்கா விரைவு ஒப்புதல் அளித்தது.

மூன்றாம் கட்டம்: இருக்கும் சிகிச்சையைவிடச் சிறந்ததா?

இங்கு நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒரு குழு புதிய மருந்தையும், மற்றது பொதுவாக நடைமுறையிலுள்ள சிகிச்சையையும் பெறும். இமாட்டினிப் சோதனையில் 1106 பேர் பங்கேற்றனர். 18 மாதங்களில், பிறழ்ந்த குரோமோசோம் முற்றிலும் மறைந்தோர் இமாட்டினிப் குழுவில் 76.2 விழுக்காடு, இன்டர்ஃபெரானும் சைட்டராபினும் பெற்ற குழுவில் 14.5 விழுக்காடு. பழைய சிகிச்சை பலனளிக்காதவர்கள் புதிய மருந்துக்கு மாற அனுமதிக்கப்பட்டனர்.

ஒப்பீடு ஏன் தேவை?

எல்லா மருந்துகளும் இமாட்டினிப் போல் அமைவதில்லை. 1980களிலும் 1990களிலும் முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு, மிக அதிக அளவு கீமோதெரபியும் அதன்பின் எலும்பு மச்சை மாற்றும் அளிக்கப்பட்டன. தொடக்க ஆய்வுகள் நம்பிக்கை தந்ததால், ஆயிரக்கணக்கான பெண்கள் இக்கடும் சிகிச்சையை மேற்கொண்டனர். ஆனால் அந்த ஆய்வுகளுக்கு, சிகிச்சையைத் தாங்கக்கூடிய உடல்வலு உள்ளவர்களே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தனர். அவர்கள் வேறு சிகிச்சையிலும் கூடுதல் காலம் வாழ்ந்திருக்கக்கூடும். 1999இல் வெளியான குலுக்கல் முறை ஆய்வுகளில் பெரும்பாலானவை இச்சிகிச்சையால் ஆயுள் நீளவில்லை எனக் காட்டின. பலன் உண்டு எனக் கூறிய தென்னாப்பிரிக்க ஆய்வு மோசடியானது என 2000இல் தெரியவந்தது. குலுக்கல் முறை இத்தகைய தேர்வுப் பிழையைத் தவிர்க்கிறது.

நான்காம் கட்டமும் பங்கேற்போர் உரிமையும்

ஒப்புதலுக்குப் பின்னரும் அரிய பக்கவிளைவுகளும் நீண்டகாலப் பலனும் கண்காணிக்கப்படுகின்றன. மூன்றாம் கட்டத்தில் இமாட்டினிப் குழுவில் இருந்தோரைத் தொடர்ந்து கவனித்ததில், 10 ஆண்டு உயிர்வாழ்வு 83.3 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டது.

எக்கட்டமாயினும், நோக்கத்தையும் ஆபத்துகளையும் விளக்கிச் சொல்லி நோயாளியின் ஒப்புதலைப் பெற வேண்டும். அவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஒரு சோதனையில் சேர அழைக்கப்படுபவர் முதலில் கேட்க வேண்டியது, அது எந்தக் கட்டம் என்பதே. முதல் கட்டத்தில் தமக்குப் பலன் கிடைக்கும் என உறுதியாக எதிர்பார்க்க முடியாது. மூன்றாம் கட்டத்தில் புதிய மருந்தே கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.